பாக்கு மட்டைத் தட்டுத் தொழில்: எல்லையோரத்துக் கேள்விகளும் என் பதில்களும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஏழு வருடமாகப் பாக்கு மட்டைத் தட்டு போடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும் கேரளத்தில் 2020 ஜனவரியிலும் பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை வந்தபிறகு என்னிடம் விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். தமிழ்நாடு-கேரள எல்லையோர ஊர்களிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

வேலந்தாவளம்: அக்கா, தட்டு போடும் மெஷின் விற்கிறவர், நாம் போடும் தட்டையெல்லாம் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம் தம்பி. நானும் அப்படி நம்பித்தான் முதல் மெஷின் வாங்கினேன். இரண்டு மாதம் வாங்கினார்கள். மூன்றாம் மாதம் "தரம் போதவில்லை" என்றார்கள், அப்புறம் போனே எடுக்கவில்லை. அவருக்கு லாபம் மெஷினை விற்றதோடு முடிந்துவிட்டது. மெஷின் வாங்குமுன் வேறு யாரிடமாவது தட்டு வாங்கி, மூன்று மாதம் நீயே கடை கடையாக விற்றுப் பார். நிற்குமா நிற்காதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சித்தூர்: மட்டை வருடம் முழுக்கக் கிடைக்குமா?

இந்தத் தொழிலின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு மரம் வருடத்துக்கு ஐந்தாறு மட்டைதான் உதிர்க்கும். வெயில் காலத்தில் விழுந்ததை உடனே பொறுக்கி, காயவைத்துக் கட்டவேண்டும். இடவப்பாதி மழை, அதாவது வைகாசி நடுவில் வரும் தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் தோப்பில் கிடக்கும் மட்டையில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். அதை எவ்வளவு கழுவினாலும் தட்டில் கறை தெரியும். ஆகவே வைகாசிப் பாதிக்குள் மழைக்கால மாதங்களுக்கான சரக்கு ஷெட்டுக்குள் ஏறியிருக்கவேண்டும். பணம் மட்டையில்தான் முடங்கும். மெஷினுக்குக் கடன் கேட்கிற எல்லோரும் ஒழுகாத ஷெட்டை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்து, ஒரு மழையில் பாதிச் சரக்கை உரக்குழியில் கொட்டினேன்.

கோபாலபுரம்: நான் துணிப்பை தைக்கிறேன். வருடத்துக்கு 40 லட்சம் வரை விற்றால் ஜிஎஸ்டி பதிவு வேண்டாமாமே?

அது தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால். பை செக்போஸ்ட் தாண்டிக் கேரளக் கடைக்குப் போனால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். இலைத் தட்டு, மட்டைத் தட்டுக்கு 2019 அக்டோபர் முதல் வரி கிடையாது. அதை மட்டும் விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் பையைத் தொடாதீர்கள். அதுவும் பிளாஸ்டிக்தான், தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் இருக்கிறது.

கஞ்சிக்கோடு: அமெரிக்காவுக்கு ஏற்றுமதி?

இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பாக்கிலுள்ள ஆல்கலாய்டுகள் என்ற கெடுதலான வேதிப்பொருட்கள் மட்டையிலிருந்து உணவில் இறங்கலாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அறிவித்துவிட்டது.

மீனாட்சிபுரம்: மானியம் எவ்வளவு கிடைக்கும் அக்கா? தட்டு மெஷின்தான் போட ஆசை.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், நாம் போடவேண்டிய கைக்காசு 5 சதவீதம். மானியம் கையில் வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும். அதுவரை மாதத் தவணை கட்டத் தெம்பு இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், என் வியாபாரத்துக்கே இடைஞ்சல்தான். கேரளத்தில் 'ஹரித பெருமாற்றச் சட்டம்', அதாவது விழாக்களில் குப்பையைக் குறைக்கும் பசுமை நடத்தை விதி, பார்க்கும் கல்யாண மண்டபங்கள் ஸ்டீல் தட்டும் டம்ளரும்தான் கேட்கின்றன. நானூறு தட்டு வாங்கி வாடகைக்கு விட்டுக் கழுவிக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டையும் வேண்டாம், மழைக் கவலையும் வேண்டாம். போன மாசியில் என் பழைய வாடிக்கையாளர் மண்டபம் ஒன்றே அதற்கு மாறிவிட்டது.