கடல் தாண்டித் தொண்டு: பணம் கட்டும் முன் கேளுங்கள்

வெளிநாட்டில் போய்த் தொண்டு செய்வது பற்றி வந்த கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஆறுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கோஸ்டாரிகாவில் கடலாமைப் பாதுகாப்புப் பணிக்கு இரண்டு வாரம் போகலாம் என்றிருக்கிறேன். விமானச் செலவு போக ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். வேலையும் செய்து காசும் கொடுப்பானேன்? – கல்லூரி மாணவர், ஈரோடு

நியாயமான கேள்வி, தம்பி. ஆனால் காசு கேட்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. அந்த நாட்டில் ஆமைக்குப் பேர்போன டோர்ட்டுகேரோ ஊருக்குச் சாலையே கிடையாது. படகிலோ சின்ன விமானத்திலோதான் போக வேண்டும், நீங்கள் தின்னப்போகும் அரிசியும் படகில்தான் வரும். உங்களுக்கு வேலை பழக்க ஒருவர் ராத்திரி முழுக்கக் கண்விழிக்க வேண்டும். ஆகவே "ஏன் காசு?" என்பதை விட்டுவிட்டு, "இதில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது, எவ்வளவு இடையில் இருக்கும் ஏஜென்சிக்கு?" என்று கேளுங்கள். நேர்மையான இடத்தில் கணக்கைப் பிரித்துச் சொல்வார்கள். கேட்டதும் முகம் சுளித்தால் அடுத்த இடம் பாருங்கள்.

நான் அந்தக் கடற்கரையில் மூன்று வாரம் இருந்திருக்கிறேன். ஆர்ச்சி கார் என்ற உயிரியலாளர் 1950-களில் ஆமைகளைக் கவனிக்கத் தொடங்கிய இடம் அது. 1975-இல் தேசியப் பூங்கா ஆனது. ஜூலை முதல் அக்டோபர் வரை பேராமைகள் கரையேறும். வேலை என்றால் நடைதான். மணல் கருப்பு, உடுப்பு கருப்பு, நிலாவும் இல்லாவிட்டால் முன்னால் போகிறவரின் மூச்சுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். வெள்ளை வெளிச்சம் கூடாது, சிவப்பு விளக்கு மட்டும். ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை யாரும் கிட்டே போவதில்லை. தொடங்கிய பிறகு ஒருவர் அதன் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, குழிக்குள் கைவிட்டு, விழ விழ எண்ணுவார். நூறைத் தாண்டும். உள்ளங்கையில் முட்டை வெதுவெதுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக விழும். எனக்கு ஒருமுறை எழுபதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. பக்கத்தில் இருந்த உள்ளூர்ப் பெண் ஒன்றும் சொல்லாமல், தான் மனசுக்குள் எண்ணிவைத்திருந்ததைக் குறித்துக்கொண்டார். நான் போகாவிட்டாலும் அங்கே வேலை நடக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்று. ஒன்றரை லட்சம் கட்டுவதற்கு முன் சென்னைக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுங்கள். மாணவர்கள் சேர்ந்து 1988-இல் தொடங்கிய அமைப்பு ஒன்று இன்றும் ஜனவரி முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி நடக்கிறது. பங்குனி ஆமையின் முட்டைகளை நாய்களிடமிருந்து எடுத்துவந்து பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். பொரித்து வரும் குஞ்சுகள் தெருவிளக்கைக் கடல் என்று நினைத்துச் சாலைப் பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்கிற ஊரில் இப்படியும் ஒரு கூட்டம். ஒரு ராத்திரி மணலில் நடந்து பார்த்து, கால் ஒத்துக்கொண்டால் அப்புறம் கோஸ்டாரிகா.

ஒரு மாத விடுப்பு இருக்கிறது. கம்போடியாவிலோ நேபாளத்திலோ ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் தங்கி ஆங்கிலம் சொல்லித்தர ஆசை. நல்ல இல்லமாகச் சொல்லுங்களேன். – ஐ.டி. ஊழியர், சென்னை

சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே இத்தகைய இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அந்தக் காலத்தில் அங்கே போரும் இல்லை, பெரிய கொள்ளைநோயும் இல்லை. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். பெருகியது சுற்றுலாவும் வெளிநாட்டுப் பணமும்தான். நேபாளத்திலும் பெரும்பாலான இல்லங்கள் காத்மாண்டு, பொக்காரா, சித்வான் என்று வெள்ளைக்காரர்கள் இறங்கும் பக்கமாகவே இருப்பதைப் பார்க்கலாம். "பட்டணத்தில் படிக்கவைக்கிறோம்" என்று மலைக் கிராமத்துப் பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளையை அழைத்துவருவார்கள். அதன் பிறகு அது ஆதரவற்ற பிள்ளை. 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று நவீன அடிமைமுறையை விசாரித்தபோது இதையும் சேர்த்துத்தான் விசாரித்தது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்திலும் இது இடம்பெற்றது.

நீங்கள் நல்லவராகவே இருங்கள். ஆனால் மாதம் ஓர் அண்ணன் வந்து மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போனால், ஏழு வயதுப் பிள்ளைக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு பிரிவு. தவிர, உங்கள் காவல்துறைச் சான்றிதழைக்கூடக் கேட்காமல் குழந்தைகளோடு தங்க அனுமதிக்கும் இடம், வேறு யாரையெல்லாம் அனுமதித்திருக்கும் என்று யோசியுங்கள்.

சொல்லித்தரத்தான் ஆசை என்றால் அங்குள்ள ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஐ.டி.யில் இருக்கிறீர்கள். ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் கணக்கு, நன்கொடைப் பட்டியல் எல்லாம் எக்செலில் சிக்கிக் கிடக்கும். அதைச் சரிசெய்து, அவர்களே நடத்தும்படி பழக்கிவிட்டு வந்தாலே பெரிய உதவி.

சம்பளம் இல்லாத வேலைதானே, டூரிஸ்ட் விசாவில் போனால் போதும் என்கிறார் ஏஜென்ட். சரியா? – வாசகி, தஞ்சாவூர்

பல நாடுகளில் சரியில்லை. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான் என்பது பொதுவான சட்டம். தாய்லாந்தில் தொண்டுக்கும் உரிய விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். பிரிட்டனில் பார்வையாளர் விசாவிலேயே, பதிவுபெற்ற அறக்கட்டளையில் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். அதற்கு மேல் என்றால் தனி விசா. நேபாளம் போக நமக்கு விசாவே வேண்டாம். ஏஜென்ட் சொன்னதைத் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். "விமான நிலையத்தில் கேட்டால் சுற்றிப்பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் கட்டிய முன்பணம் போனால் போகிறது, விட்டுவிடுங்கள். மாட்டினால் மாட்டுவது நீங்கள்.

யானையைக் குளிப்பாட்டலாம், சிங்கக் குட்டிக்குப் பாட்டிலில் பால் கொடுக்கலாம் என்கிற விளம்பரங்களில் எது உண்மையான பாதுகாப்பு? – கால்நடை மருத்துவ மாணவி, நாமக்கல்

தொடவிட்டால் சந்தேகப்படுங்கள். இலங்கையில் உடவளவையில் 1995 முதல் தாயைப் பிரிந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் இல்லம் இருக்கிறது. மேடையில் தள்ளி நின்று, அவை பால் குடிப்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மனிதர்களோடு ஒட்டக்கூடாது என்பதற்காக அப்படி. வளர்ந்ததும் காட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்கை நூறு பேர் தடவ முடியாது, இல்லையா?

சிங்கக் குட்டி விஷயம் இதைவிட மோசம். கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. தென்னாப்பிரிக்காவில் இப்படிப் பண்ணையில் வளர்ந்தவை வேலிக்குள் வைத்துச் சுடப்படும் வேட்டைக்கும் போயின. 2021-இல் அந்நாட்டு அரசே இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "போன வருஷக் குட்டிகள் இப்போது எங்கே?"

ஆமைக் குஞ்சுகளைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்திருந்து, பகலில் விருந்தாளி கையால் கடலில் விடும் இடங்களும் இந்த வகைதான். பொரித்தவுடன் ஆழ்கடலுக்கு நீந்துவதற்கென்று இருக்கும் வேகத்தை அவை தொட்டியிலேயே செலவழித்துவிடும்.

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. ஆப்பிரிக்காவில் பள்ளிக்கூடம் கட்டும் குழுவில் சேரலாமா? – வாசகர், மதுரை

ஐயா, செங்கல் சுமக்க வேண்டாம். அதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலியும் தேவை. என் முதல் பயணத்தில் ஒரு பள்ளிச் சுவருக்கு நீல வண்ணம் அடித்தேன். ஜன்னல் ஓரம் விரல் பட்டபோது பிசுக்கென்று ஒட்டியது. எங்களுக்கு முந்தின குழு அடித்த நீலம் அங்கே இன்னும் காயவில்லை. யார் அனுப்பினார்கள் என்பது இங்கே வேண்டாம்.

முப்பது வருஷம் அளவுப் புத்தகம் எழுதிய கை உங்களுடையது. 1970-இல் தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 35 வயதுக்கு மேற்பட்ட அனுபவசாலிகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. கட்டணம் கிடையாது, மாதப் படி அவர்களே தருகிறார்கள். போட்டி அதிகம், ஆங்கில விண்ணப்பத்தை நிதானமாக எழுதுங்கள். வீட்டிலிருந்தே இணையவழியில் செய்யும் தொண்டும் அதே திட்டத்தில் உண்டு. வரைபடம் சரிபார்ப்பது மாதிரி வேலைக்கு மூட்டுவலி தடையில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் மருத்துவர்களை மட்டும் எடுப்பதில்லை. குடிநீர், கழிவுநீர் தெரிந்தவர்களையும் சம்பளத்துக்கு எடுக்கிறது.

மகள் கென்யாவுக்கு இரண்டு மாதம் போகிறாள். ஊசி ஏதாவது கட்டாயமா? – தாய், திருநெல்வேலி

அம்மா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இங்கிருந்து கென்யாவுக்குள் நுழையும்போது யாரும் கேட்காமல் போகலாம். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். பெட்டியோடு வாசல்வரை வந்த பிள்ளையைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பார்க்கும்படி ஆகும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோக வேண்டும். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். கிளம்புகிற வாரத்தில் ஓடாதீர்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். நாய், குரங்கு, வௌவால் கிட்டே போகும் வேலையென்றால் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். பயணக் காப்பீடு வாங்கும்போது, காட்டிலிருந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுவரும் செலவும் அதில் சேருமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது.