மார்க் 2 கிளட்ச்: கியர்பொக்ஸில் கை வைக்க முதல்

தம்பி, உங்கள் ஜாகுவார் மார்க் 2 காரில் எஞ்சின் ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது, எஞ்சினை நிறுத்தினால் கியர் லேசாக விழுகிறது என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. தயவுசெய்து இப்போதைக்குக் கியர்பொக்ஸைக் கழற்ற விடாதீர்கள். பெடலை நாலைந்து தரம் பம்ப் பண்ணிவிட்டுப் போட்டுப் பாருங்கள், சத்தமில்லாமல் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் ஹைட்ரோலிக்கில்தான், அதாவது பெடலின் அழுத்தத்தை ஒயில் வழியாகக் கிளட்சுக்குக் கொண்டுபோகிற பகுதியில். அப்புறம் கீழே, அந்த ஒயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்குங்கள், கறுத்த ஒயில் சொட்டினால் சீல் போய்விட்டது. இதில் இருப்பதும் பிரேக் ஒயில்தான், அது காற்றின் ஈரத்தை இழுக்கும், உப்புவெளி மாதிரிக் கடலோர ஊரில் ஓடாமல் நிற்கிற காரென்றால் சிலிண்டர் உட்சுவரும் துருப்பிடித்திருக்கலாம், அரித்திருந்தால் சீல் மட்டும் மாற்றுவது வீண்செலவு, சிலிண்டரையே மாற்றுங்கள். கசிவில்லை, பெடலை மிதிக்கும்போது ஸ்லேவ் சிலிண்டரின் தண்டும் நன்றாக நகர்கிறது என்றால் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்தில்) ஒட்டியிருக்கலாம்.