இலை விடும் சிவப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் தாவரவியலில் பிஎச்.டி. செய்கிறாள். லீவுக்கு வந்தாலும் கருவியோடுதான் வருகிறாள். நெல் இலையில் ஒரு கிளிப்பை மாட்டி, இருபது நிமிஷம் காத்திருந்து, ஒரு விளக்கை அடித்து, 0.79 என்று நோட்டில் எழுதிக்கொள்கிறாள். “இலை வெளிச்சம் விடுதுப்பா” என்கிறாள். நாற்பது வருஷமாக வயலில் நிற்கிறேன். பயிருக்கு என்ன கஷ்டம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். எனக்குத் தெரியாத எதை இந்த எண் சொல்லிவிடும்? அவளிடம் கேட்டால் பாதி இங்கிலீஷில் சொல்கிறாள். நீங்கள் ஒளிச்சேர்க்கை பற்றி எழுதியதைப் படித்ததால் கேட்கிறேன்.

– ஒரு விவசாயி

அன்புள்ள ஐயா,

மகள் சொன்னது அப்படியே உண்மை. வெயிலில் நிற்கும் ஒவ்வொரு பச்சை இலையும் மங்கலாகச் சிவப்பு ஒளியை விட்டுக்கொண்டிருக்கிறது. வாங்கும் ஒளியில் 100க்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் அப்படி வெளியே வரும் என்பதால் வெயிலில் கண்ணுக்கு எட்டாது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை நசுக்கி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள் (அடுப்புப் பக்கம் வேண்டாம்). கரும்பச்சையாகச் சாறு இறங்கும். இருட்டில், ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் ஊதா டார்ச்சை அதன்மேல் அடியுங்கள். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். முதல் தடவை பார்த்தபோது நான் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். அதே டார்ச்சை முழு இலைமேல் அடித்தால் அந்தச் சிவப்பு ஏறக்குறைய காணாமல் போகிறது. இரண்டிலும் இருப்பது ஒரே பச்சையம்தான். சாற்றில் அதற்குச் செய்ய வேலை இல்லை, அதனால் வாங்கியதில் 100க்கு 30 பங்குவரை திருப்பி விட்டுவிடுகிறது. இலைக்குள் வேலை இருக்கிறது.

1931இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ஹான்ஸ் காவுட்ஸ்கி என்பவரும் ஹிர்ஷ் என்பவரும் இருட்டில் வைத்திருந்த இலைமேல் சட்டென்று வெளிச்சம் அடித்து, அந்தச் சிவப்பு ஒளிர்வை வெறும் கண்ணால் கவனித்தார்கள். முதலில் குபீரென்று ஏறியது. அப்புறம் சில நிமிஷங்களில் மெல்லத் தணிந்தது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் எல்லா இலைகளிலும் ஆள் உட்கார்ந்துவிடுகிறார்கள். பரிமாறுகிறவர்கள் இன்னும் சூடு பிடிக்கவில்லை. பின்னால் வந்த கூட்டம் வாசலில் வழிகிறது. பரிமாறல் ஓட்டம் பிடித்ததும் நெரிசல் குறைகிறது. இலைக்குள்ளும் ஒளியின் ஆற்றலை முதலில் வாங்கிக்கொள்ளும் இடங்கள் சட்டென்று நிரம்பிவிடும். சர்க்கரை செய்யும் நொதிகள் விழித்துக்கொள்ள நேரமாகும். அதுவரை வழிவதுதான் அந்தச் சிவப்பு. தாங்காத ஆற்றலை வெப்பமாக வெளியேற்றும் ஏற்பாடும் மெல்ல வேலைக்கு வந்து ஒளிர்வைத் தணிக்கிறது.

மகள் மாட்டும் கிளிப் இலையை இருபது நிமிஷம் இருட்டில் வைப்பது பந்தியைக் காலி செய்வதற்காக. காலியாக இருக்கும்போது மங்கிய ஒளியில் ஓர் அளவு, கண்ணைப் பறிக்கும் ஒரு மின்னலடித்து எல்லா இடத்தையும் நிரப்பி இன்னோர் அளவு. நிரம்பியபோது ஒளிர்வு 100 என்றால், காலியாக இருக்கையில் 17தான் இருக்க வேண்டும். வித்தியாசம் 83. 100இல் 83, அதாவது 0.83. மகள் நோட்டில் எழுதும் எண் இந்தக் கணக்குதான். நல்ல நிலையில் உள்ள இலை, எந்தச் செடியாக இருந்தாலும் பெரும்பாலும் இதை ஒட்டியே நிற்கும். இது எனக்கு இன்றும் வியப்பு.

சரி, உங்கள் கண்ணுக்குத் தெரியாததை இது சொல்லுமா? சொல்லும், எல்லாவற்றையும் சொல்லாது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் இந்த எண் லேசில் அசையாது. அங்கே உங்கள் கண்தான் முந்தும். கடும் வெப்பமோ குளிரோ தாங்க முடியாத வெயிலோ பச்சையத்தின் எந்திரத்தையே தாக்கும்போது, இலை பச்சையாக, விறைப்பாக நிற்கும்போதே எண் இறங்கிவிடும்.

இந்தத் துறையைப் பேசும்போது கோவிந்த்ஜியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அலகாபாத்தில் தாவரவியல் படித்து, 1956இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு ராபர்ட் எமர்சனிடம் ஆய்வு செய்யப் போனவர். எமர்சனின் குருவோ நோபல் பரிசு பெற்ற ஓட்டோ வார்பர்க். ஒளிச்சேர்க்கையில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர மூன்று நான்கு ஒளித்துகள் போதும் என்றார் குரு. குறைந்தது எட்டு வேண்டும் என்றார் சீடர். ஒரு வெயிலில் ஒரு பயிர் அதிகபட்சம் எவ்வளவு விளையும் என்ற வரம்பு இதில் அடங்கியிருக்கிறது, அதனால் இது உங்கள் வழக்கும்தான். 1959இல் எமர்சன் விமான விபத்தில் இறந்துபோனார். கோவிந்த்ஜியும் அவர் மனைவி ரஜ்னியும், எமர்சனின் மாணவர்கள் இருவரும், அதே பல்கலைக்கழகத்தின் யூஜின் ரபினோவிச்சிடம் ஆய்வை முடித்தார்கள். பிறகு 1968இல், வார்பர்க் தரப்பு கேட்ட நிலைமைகளிலேயே பாசியை வளர்த்து அளந்தார்கள். எமர்சன் சொன்னதுதான் சரியாக வந்தது. ஆசிரியர் இல்லாத இடத்தில் அவருடைய கணக்கை இவ்வளவு பொறுமையாக முடித்துவைத்த மாணவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

1960இலேயே கோவிந்த்ஜி குழுவினர் இன்னொன்றையும் பார்த்திருந்தார்கள். பாசிமேல் இரண்டு நிற ஒளியைச் சேர்த்து அடித்தபோது, தனித்தனி ஒளிர்வுகளைக் கூட்டினால் வர வேண்டியதைவிடக் குறைவாக வந்தது. இரண்டாவது ஒளி முதலாவது தேக்கியதை இழுத்துக்கொண்டது. ஒளிச்சேர்க்கையில் இரண்டு ஒளி எந்திரங்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இப்போது இந்தச் சிவப்பைச் செயற்கைக்கோளிலிருந்தும் அளக்கிறார்கள். கோடையின் உச்சத்தில் அமெரிக்காவின் மக்காச்சோள வட்டாரம் அமேசான் காட்டையும் மிஞ்சி ஒளிர்கிறது. கோவிந்த்ஜி வேலை செய்த ஊர் அந்தச் சோளக்காட்டுக்கு நடுவில்தான் இருக்கிறது.

மகளிடம் ஓர் உதவி கேளுங்கள். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில், உங்கள் வயலில் நீங்கள் கை காட்டும் பயிரில், விடியற்காலை ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, பொழுது சாய்ந்தபின் ஒரு தடவை அந்தக் கிளிப்பை மாட்டச் சொல்லுங்கள். மத்தியானம் எண் இறங்குகிறதா, சாயங்காலம் எவ்வளவு மீள்கிறது என்று பாருங்கள். மூன்று எண்களையும், அந்தப் பயிரைப் பார்த்து நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.