பதினெட்டும் சேவல்: கோழி வாங்கினவர்களின் கேள்விகள்

மாரி முடிந்து வளவு காய்ந்ததும் ஆளுக்காள் கோழிக்கூடு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள் போல. இந்தக் கிழமைக் கடிதங்கள் முழுக்கக் கோழிதான். நீண்டவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களுக்கு எழுதிய திட்டுகளையும் வெட்டிவிட்டேன்.

கேள்வி: வீதியால் வந்த வானில் “லேயர்க் குஞ்சு, ஊசி போட்டது” என்று விற்றார்கள். இருபது வாங்கினேன். மஞ்சள் பந்து மாதிரி வடிவாய் இருந்தன. இப்போது மூன்று மாதம். பதினெட்டுக்குக் கொண்டை சிவந்து, கூவவும் தொடங்கிவிட்டன. விற்றவர் போன் எடுக்கிறாரில்லை. (முள்ளியவளை)

பதில்: தங்கச்சி, உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். “மஞ்சள் பந்து” என்று எழுதினீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. மண்ணிற முட்டையிடும் கலப்பு லேயர்களில் பொரித்த அன்றே நிறத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். பேடு செம்மண்ணிறம், சேவல் வெளிர் மஞ்சள். முட்டைக்காகக் குஞ்சு பொரிக்கிறவர்களுக்குச் சேவல் தேவையில்லை, கழித்துவிடுவார்கள். கழித்த பெட்டி மலிவாகக் கைமாறி இப்படி வானில் ஏறுவதும் உண்டு. வெள்ளை முட்டையிடும் இனங்களில் நிறம் உதவாது. சிறகையோ வாலடியையோ பார்க்கப் பழகின ஆள் வேண்டும்.

பில் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. பில் இருந்தால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பில் இல்லாவிட்டாலும் வான் இலக்கம், போன் இலக்கம், வாங்கிய நாள் மூன்றையும் எழுதிக்கொண்டு மாவட்டச் செயலகத்துக்குப் போய்ப் பாருங்கள்.

“ஊசி போட்டது” என்றால் எந்த ஊசி? கால், சிறகை முடக்கும் மரெக்ஸ் நோய்க்கு முதல் நாளே கழுத்தில் போடுவார்கள். அது கோழிகளைக் கூட்டமாய்க் கொல்லும் ராணிக்கெட் நோயைத் தடுக்காது. ராணிக்கெட் மருந்தை முதற் கிழமையிலேயே கண்ணில் சொட்டு விட்டு, பிறகும் திரும்பக் கொடுக்கவேண்டும். ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்குக் காணும். கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். அதனால் அயலில் கோழி வைத்திருக்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு மிருக வைத்தியர் அலுவலகத்தில் ஒரு நாள் கேளுங்கள். சேவல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கறிக்கு விற்றுவிடுங்கள். லேயர்ச் சேவல் தின்கிற அளவுக்குச் சதை வைக்காது.

கேள்வி: சேவல் இல்லாமல் பேடு முட்டை இடுமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: இடும். குஞ்சுதான் பொரிக்காது. சேவல் விற்கிறவரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

கேள்வி: குஞ்சுக்குச் சூடு கொடுக்க 9 வாற் எல்.ஈ.டி. பல்ப் போட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பதினொன்று செத்துக் கிடந்தன. நோய்க்குஞ்சு தந்தார்கள் என்று காசைத் திருப்பிக் கேட்கலாமா? (பரந்தன்)

பதில்: கேட்கமுடியாது. குஞ்சு குளிரில் நெருக்கி மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. எல்.ஈ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. இருபத்தைந்து குஞ்சுக்கு இழை எரிகிற பழைய 100 வாற் குண்டு பல்ப் ஒன்று வேண்டும். முதற் கிழமை குஞ்சின் முதுகு மட்டத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ், பிறகு கிழமைக்கு 3 பாகை குறைத்துக்கொண்டு போகலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள். பல்பின் கீழே குவிந்தால் குளிர். ஓரமாய் ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு கூட. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கேயோ காற்று அடிக்கிறது.

மட்டையை வளைத்து வட்டமாகக் கட்டுங்கள், மூலை இருக்கக்கூடாது. கீழே இரண்டு அங்குலம் உமி. பல்பை வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டவேண்டும், விழுந்தால் உமி பற்றும். கரண்ட் போகிற இரவுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல்களைச் சாக்கில் சுற்றி உள்ளே வையுங்கள். கரிச்சட்டி மட்டும் வேண்டாம், புகை கொன்றுவிடும்.

கேள்வி: புதுக் கோழிவலை அடித்த கூட்டில் இரவு நாலு கோழி போய்விட்டது. ஒன்றுக்குத் தலை மட்டும் இல்லை. வலை அறவில்லை. (நெடுங்கேணி)

பதில்: அறுக்கத் தேவையில்லை. வலைக்கண்ணால் கையை விட்டுத் தலையை இழுத்திருக்கிறது. இரவென்றபடியால் பெரும்பாலும் மரநாய். கீரி பகலில் வரும். அறுகோணக் கண்ணுள்ள வலை கோழி வெளியே போகாமல் தடுக்க மட்டுந்தான். உங்களுக்குத் தேவை அரை அங்குலக் கண்ணுள்ள, கம்பிகளை வெல்ட் பண்ணி ஒட்டிய வலை. வாங்கும்போது கேஜ் இலக்கத்தைப் பாருங்கள். இலக்கம் கூடக் கூடக் கம்பி மெல்லிசு. 22ஐவிட 19 தடிப்பு. இதை மாறி விளங்கிக்கொண்டு நான் வாங்கிய றோலில் இப்போது பாகல் படர்கிறது.

வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். கதவுக்குக் கயிறு போதாது, கொண்டி வேண்டும்.

கேள்வி: கடையில் கிலோக் கணக்கில் லேயர் தீன் வாங்கி, குருணலும் கலந்து போடுகிறேன். முட்டைக் கோது கடதாசி மாதிரி. இரண்டு முட்டை கோதே இல்லாமல் வந்தது. (மல்லாவி)

பதில்: இதைப் பற்றி எழுதி எழுதிக் கை அலுத்துவிட்டது, இன்னொருமுறை எழுதுகிறேன். வாய் திறந்த சாக்கிலிருந்து அள்ளித் தருகிற தீன் லேயரா வளர்பருவத் தீனா என்று உங்களுக்கும் தெரியாது, அள்ளுகிற பொடியனுக்கும் தெரியாது. இரண்டும் ஒரே நிறம். லேயர் தீனில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம், வளர்பருவத் தீனில் 1 வீதமளவுதான். ஒரு முட்டைக் கோதுக்கே 2 கிறாம் கல்சியம் போகிறது. தீனில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும், பிறகு கால் இழுக்கும். மாறியும் போடக்கூடாது. குஞ்சுக்கு லேயர் தீன் போட்டால் சிறுநீரகம் பழுதாகும்.

ஒரு பேடு நாளுக்கு ஏறக்குறைய 110 கிறாம் தின்னும். பத்துப் பேட்டுக்கு 25 கிலோச் சாக்கு இருபத்திரண்டு நாள் வரும். அப்படியிருக்க ஏன் கிலோக் கணக்கு? கோழி குறைவென்றால் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டு முழுச் சாக்காய் எடுங்கள். மேலே என்ன தீன், எப்போது செய்தது என்று இருக்கவேண்டும். வாய்த் தையல் பிரித்துத் தைத்ததாய் இருக்கக்கூடாது. கையை விட்டுப் பிடித்துப் பாருங்கள். கட்டிபட்டிருந்தாலோ பூஞ்சணம் மணத்தாலோ அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று கடைக்காரர் சொல்வார். பூஞ்சணம் விட்ட நஞ்சு வெயிலில் போகாது.

குருணலில் கல்சியம் இல்லாத குறை, பாதிக்குப் பாதி கலந்தால் நல்ல தீனும் கெட்டுவிடும். ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். சிப்பியை இடித்துத் தனிப் பேணியில் வையுங்கள். முல்லைத்தீவுக் கரையில் சிப்பிக்கா பஞ்சம்? தேவையான அளவைக் கோழியே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: “முட்டையிடத் தயார்” என்று படம் போட்டிருந்தார்கள். காசு அனுப்பிப் பத்துப் பேடு எடுப்பித்தேன். ஒரு மாதமாக இரண்டே முட்டை. (வவுனியா)

பதில்: படத்துக்குக் காசு அனுப்பினீர்கள், படம் முட்டை இடாது. பெரும்பாலும் பண்ணையில் ஒன்றரை வருடம் இட்டு முடித்த கோழிகள். காலைப் பாருங்கள். இன்னும் இடாத இளம் பேட்டின் கால் மினுமினுப்பான மஞ்சள், கொண்டை சின்னன். இட்டுக் களைத்ததன் கால் வெளிறிச் செதில் தடித்திருக்கும், கொண்டை பெரிசாய்ச் சரியும். உங்களுடையதில் கால் மஞ்சளாகவே இருந்தால் இரண்டு மூன்று கிழமை பொறுங்கள். இடம் மாறின கோழி சுணங்கும். வெளிறியிருந்தால் கறி விலைதான்.

கேள்வி: இருபத்தினான்கு முட்டை அடைகாக்கும் சின்ன மெஷின் வாங்கலாமா? (துணுக்காய்)

பதில்: வேண்டாம். நான் வாங்கினதுக்குள் இப்போது வெங்காயம் இருக்கிறது. 37.5 பாகையை இருபத்தொரு நாளும் பிடித்து நிற்கவேண்டும், அது 36க்கும் 39க்கும் ஊஞ்சலாடியது. அடை கிடக்கிற ஊர்க்கோழி ஒன்றை வாங்கி, ஒரு கிழமைக்கு மேற்படாத முட்டை பத்து வையுங்கள். இருட்டின பிறகு வைத்தால் கலைந்து போகாது.