கற்பனை உலகக் கதைக்குப் புதுச் சொற்களை எப்படி உருவாக்குவது? எத்தனை சொற்கள் தேவைப்படும்?

இதைக் கேட்டவர் இந்நேரம் ஒரு நோட்டில் பட்டியல் போட ஆரம்பித்திருப்பார். நானும் போட்டேன். மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதுபவன் நான். பழைய பேரேட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து 212 சொற்கள் எழுதி வைத்திருந்தேன். மழைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, மந்திரக் கல்லுக்கு மட்டும் மூன்று. கதை அப்போது நாலு பக்கம்கூட நகரவில்லை.

ஏழாவது படிக்கும் அக்கா மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் 'லோரமிக்ஸா' என்று ஒரு பெயர் வரும். அங்கேயே நின்று, "மாமா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றாள். அது எங்கள் நாட்டின் காவல் தெய்வம்! நாள் முழுக்க மாத்திரைப் பெயர் எழுதுகிற கைக்கு வேறென்ன வரும்? அன்றைக்கே பாதிப் பட்டியலை அடித்துவிட்டேன்.

ஆனால் என்னைக் கவிழ்த்தவை நான் உருவாக்கிய சொற்கள் அல்ல, சாதாரணச் சொற்கள். ஓர் இணைய இதழில் கதை தொடராக வந்தது. மூன்றாவது அத்தியாயத்தில் கதாநாயகி அலமாரியிலிருந்து சாவியை எடுத்து, மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறப்பாள். அடுத்த வாரம் ஒரு வாசகரின் மின்னஞ்சல், ஒரே வரி: "உங்கள் நாட்டுக்கு வாஸ்கோடகாமா எந்த வழியாக வந்தார்?"

எனக்குப் புரியவில்லை. விசாரித்தால் அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அலமாரி, சாவி, மேசை, ஜன்னல் நான்கும் போர்த்துகீசியச் சொற்கள். 1498-இல் கோழிக்கோட்டில் வாஸ்கோடகாமாவின் கப்பல் வந்து நின்றதற்குப் பிறகுதான் இவை நம் பேச்சுக்குள் நுழைந்தன. கடலே இல்லாத என் நாட்டுக்குள் ஒரே பத்தியில் நான்கையும் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன்!

உடனே தனித்தமிழா என்று யாரும் கிளம்ப வேண்டாம். வீட்டில் நான் தொலைப்பதும் சாவியைத்தான், திறவுகோலை அல்ல. இப்படிப் பார்த்தால் ஒரு வரிகூட எழுத முடியாது என்று சொல்வீர்கள். அதுவும் சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் கற்பனை உலகக் கதைகள் எழுதிய டோல்கீனே இதில் மாட்டியிருக்கிறார். 1937-இல் வந்த 'ஹாபிட்' கதையில் விருந்தாளி ஒருவர் கோழிக்கறியும் தக்காளியும் கேட்பார். 1966 திருத்தப் பதிப்பில் தக்காளியை எடுத்துவிட்டு ஊறுகாய் வைத்துவிட்டார். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, அவருடைய பழைய உலகத்தில் அதற்கு என்ன வேலை? அதே அமெரிக்காவிலிருந்து வந்த உருளைக்கிழங்கைப் பின்னால் எழுதிய பெரிய கதையான 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'-இல் அவரே விட்டுவைத்தார் என்பதுதான் எனக்கு ஆறுதல்.

சரி, திருத்தலாம் என்று ஜன்னலுக்குச் சொல் தேடினேன். சிலப்பதிகாரத்தில் 'காலதர்' கிடைத்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. எவ்வளவு அழகு! அடுத்த அத்தியாயத்தில் போட்டேன். மெய்ப்புப் பார்த்த புண்ணியவான் எழுத்துப்பிழை என்று நினைத்துவிட்டார். வெளிவந்த வரி: "அவள் காலரைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள்." இரண்டு நாள் அப்படியே இருந்தது. டோல்கீனுக்கும் அச்சகத்தார், குள்ளர்களுக்கு அவர் எழுதிய 'dwarves' என்ற பன்மையை அகராதிப்படி 'dwarfs' என்று திருத்திவிட்டார்கள், அவர் சண்டை போட்டுப் பழையபடி மாற்ற வைத்தார். என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை. பதினான்காவது அத்தியாயத்தோடு இதழையே இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சேமித்து வைத்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம்? பழைய அத்தியாயங்களும் போச்சு, சொன்ன சன்மானமும் போச்சு. இது நீங்கள் கேட்ட கேள்வி இல்லை, தெரியும். ஆனாலும் எழுதுகிறவர்கள் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சொல் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க மிளகாயைப் பாருங்கள். அதுவும் போர்த்துகீசியர் கொண்டுவந்ததுதான். வந்த காய் மிளகு மாதிரி காரமாக இருந்தது, மிளகு காய் மிளகாய் ஆனது. யாரும் பேரேட்டில் உட்கார்ந்து எழுத்துகளைக் குலுக்கிப் போடவில்லை. 'பாகுபலி'க்கு மதன் கார்க்கி கிளிக்கி மொழியை உருவாக்கினாரே என்பீர்கள். அது படம். காலகேயர் தலைவன் பேசும்போது அவன் கண்ணும் பல்லுமே பொருள் சொல்லிவிடும். ஏட்டில் வாசகன் தானே உச்சரித்துக்கொள்ள வேண்டும்.

வேற்று நாட்டார் பெயர்களுக்கு மட்டும் ஒரு வழி வைத்திருக்கிறேன். தமிழ்ச் சொல் ட, ர, ல-வில் தொடங்காது, க், ட், த் போன்ற வல்லின மெய்யில் முடியாது. பள்ளியில் திட்டு வாங்கிப் படித்த விதி. என் ஊர்க்காரர்களுக்கு விதிப்படி பெயர், எதிரிகளுக்கு விதியை மீறிய பெயர். ரவியும் லதாவும் பழகிவிட்டதால் முதலெழுத்து இப்போது உறுத்துவதில்லை. கடைசி எழுத்துதான் வேலை செய்கிறது. 'தோரன்' என்றால் பக்கத்து வீட்டுக்காரன், 'தோரக்' என்றால் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கத் தோன்றும்.

சாவிக்குத்தான் கடைசிவரை சொல் அமையவில்லை. திறவுகோல் என்று எழுதினால், பின்னால் ஆள் துரத்த ஓடிக்கொண்டிருப்பவள் மேடையில் ஏறிப் பேசுகிற மாதிரி இருந்தது. கடைசியில் பூட்டையே தூக்கிவிட்டேன். இப்போது அந்த நாட்டில் கதவைக் கயிற்றால் கட்டுகிறார்கள். வீட்டுக்கு வீடு முடிச்சு வேறு, அம்மா மகளுக்குச் சொல்லித் தருவாள். அவிழ்க்கத் தெரியாதவன் கயிற்றை அறுத்தால் ஊரைவிட்டே விலக்கிவிடுவார்கள். 'அறுத்தவன்' என்பதுதான் அங்கே மிகப் பெரிய வசவு.

எத்தனை சொற்கள் என்று கேட்டீர்கள். 212-இல் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை ஒன்பது. லோரமிக்ஸாவுக்குப் பெயர் மாற்றியாயிற்று. ஏரி மடையைக் காப்பவள், அதனால் மடையாத்தா. அக்கா மகள் இந்த முறை ஒன்றும் கேட்காமல் பக்கத்தைப் புரட்டினாள்.