பாட்டு முடியும்வரை பேசாதவர்

கேள்வி: புதிய இசையைத் தேடித் தேடி ஒலிபரப்புவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட பெண் வானொலி அறிவிப்பாளர் எவரேனும் உண்டா?

பதில்: உண்டு. பிரிட்டனின் ஆனி நைட்டிங்கேல். பெயரிலேயே பாடும் பறவை! 1967இல் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது அங்கே பெண் குரலுக்கு இடமில்லை. பகலில் கேட்பவர்கள் இல்லத்தரசிகள், அறிவிப்பாளர் அவர்களுக்குக் கணவருக்குப் பதிலாக இருப்பவர் என்று காரணம் சொன்னார்கள். இதைச் சொன்னவர் சிரிக்காமல்தான் சொல்லியிருப்பார் என்பதே எனக்கு வியப்பு. 1970இல் அம்மையார் உள்ளே நுழைந்தார். அடுத்த 12 ஆண்டுகளுக்கு அங்கே அவர் ஒருவர்தான் பெண் அறிவிப்பாளர்.

ஞாயிறு மாலை நேயர் விருப்பத்தில் பாட்டின் கடைசி ஒலி அடங்கும்வரை வாய் திறக்க மாட்டாராம். கேசட்டில் பதிவு செய்பவர்கள் கொண்டாடினார்கள். டேப் ரெக்கார்டர் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்து, கடைசி வரியில் அறிவிப்பாளரின் குரல் வந்து விழ, பல்லைக் கடித்தவன் நான். அந்த அருமை எனக்குப் புரியும்.

நம்மில் பலருக்கு இசை இருபத்தைந்து வயதோடு நின்றுவிடுகிறது. இவரோ ஐம்பதைத் தாண்டிய பிறகு, இளைஞர்கள் விடிய விடிய ஆடும் பிரேக்பீட் இசையைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவு நிகழ்ச்சிக்குப் போனார். 2024 ஜனவரியில் காலமானபோது வயது 83.