‘அதிக அபாயம்’ என்று பதிவான தனியார் மண் அணை உடையப்போகிறது என்று அர்த்தமா?

இல்லை. அமெரிக்காவில் அணைகளுக்குத் தரும் குறைவு, கணிசம், அதிகம் என்ற அபாய வகை, கரை எவ்வளவு உறுதி என்பதைச் சொல்வதே இல்லை. உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதுதான் கணக்கு. உயிர் போகலாம் என்றால் ‘அதிகம்’. உயிருக்குப் பயமில்லை, ஆனால் சாலை, மின்கம்பி போன்றவை போகும் என்றால் ‘கணிசம்’. கரையின் நிலைமையைத் தனியாக மதிப்பிடுவார்கள். அதனால் பளிச்சென்று பராமரிக்கும் அணையும் ‘அதிகம்’ பட்டியலில் இருக்கும்.

எனக்குப் பயம் ‘குறைவு’ என்ற முத்திரை மீதுதான். ஹவாயின் கவாய் தீவில் உள்ள கா லோகோ, கரும்புத் தோட்டங்களுக்காக 1890இல் கட்டிய தனியார் மண் அணை. ‘குறைவு’ என்றே பதிவாகியிருந்தது. 2006 மார்ச் 14, விடியும் முன்னே உடைந்து 7 பேரைக் கொண்டுபோனது. உபரி நீர் வெளியேறும் கலிங்கை மண் போட்டு மூடியிருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. மண் கரைக்குக் கலிங்கு அடைபடுவதைவிட மோசமானது இல்லை. தண்ணீர் கரைக்கு மேல் வழிந்தால் அரித்துக்கொண்டே போகும்.

இன்னொன்று, அணை அப்படியே இருந்தாலும் கீழே வீடுகள் வந்துவிட்டால் வகை மாறியாக வேண்டும். சரி, உங்கள் அணைக்கு எப்போது வகை குறித்தார்கள், அதற்குப் பிறகு கீழே என்ன கட்டினார்கள் என்று பாருங்கள். அப்புறம் கரையின் அடிவாரத்தில் கசிவு இருக்கிறதா என்றும். தெளிவாகக் கசிந்தால் கவனித்து வரலாம், கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது. அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.